செலான் வந்த வழியில் ஒரு விண்ணப்பம்

பெறுநர்: செயலாளர் அவர்கள், மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம், புது தில்லி.

பொருள்: அபராதம் கண்டுபிடிக்கும் ஆளைப் பழுதுச் செய்தி கண்டுபிடிக்காதது குறித்து.

ஐயா,

சீட் பெல்ட் போடாதவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு ஆயிரம் ரூபாய் விதிக்கிறது. வண்டி மூன்று கை மாறியிருந்தாலும் கவலையில்லை. நம்பர் பிளேட் கேமராவில் பட்டால் போதும், 'வாகன்' பதிவேடு இன்றைய உரிமையாளரைத் தேடிப்பிடித்து அவர் செல்போனில் இ-செலானைச் சேர்ப்பித்துவிடுகிறது. 'சிட்டிசன்' படத்தில் வரைபடத்திலிருந்தே காணாமல் போன ஊர் அத்திப்பட்டி. செலான் விஷயத்தில் எங்கள் அத்திப்பட்டு அப்படி ஒருநாளும் காணாமல் போனதில்லை. இதற்காகத் தங்களுக்கு நன்றி. அந்த பெல்ட்டிலேயே பழுது என்ற செய்திக்கு மட்டும் ஏன் வழி தெரியவில்லை என்பதே எங்கள் சந்தேகம்.

2022 செப்டம்பர் 4 அன்று பால்கர் விபத்தில், பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த பிறகு, பின்சீட்டிலும் பெல்ட் கட்டாயம் என்று அரசு உரக்கச் சொன்னது. சரியான பேச்சு. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்ட் 8 முதல் நவம்பர் 15 வரை தயாரான 11,177 கிராண்ட் விட்டாரா கார்களை, பின்சீட் பெல்ட்டைத் தாங்கும் பிராக்கெட்டில் குறை இருக்கலாம் என்று 2023 ஜனவரியில் மாருதி திரும்ப அழைத்தது. முந்தைய மாதம்தான், முன்சீட் பெல்ட்டின் தோள் உயரத்தை மாற்றும் பாகத்துக்காக 9,125 கார்களை அழைத்திருந்தது. 2022இலேயே 5,002 சூப்பர் கேரி லோடு வண்டிகளும் அழைக்கப்பட்டன. டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் பக்கிளைப் பிடித்திருக்கும் போல்ட் சரியாக முறுக்கப்படாமல் இருக்கலாம் என்பது காரணம். நிறுவனம் தானே முன்வந்து சொன்னதைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் ஷோரூம் பேரேட்டில் இருப்பது முதலில் வாங்கியவரின் நம்பர். லோடு வண்டியோ கைமாறிக்கொண்டே இருப்பது. மீஞ்சூரில் மூன்றாவது ஆளிடம் ஓடும் வண்டிக்காக, அதை எப்போதோ விற்றுத் தீர்த்தவரின் போன் அடிக்கும்.

திரும்ப அழைப்பது கம்பெனியின் வேலை, சேஸிஸ் நம்பரைத் தட்டி உரிமையாளரே பார்த்துக்கொள்ளலாம் என்று தாங்கள் சொல்லக்கூடும். அபராதத்தையும் அப்படித்தானே விட்டிருக்கலாம்? தவறு செய்தவர் தாமாகத் தேடிவந்து கட்டட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லையே. புகார் கொடுக்க இணையதளம் உண்டு, விற்பனைக்கு ஏற்ற எண்ணிக்கையில் புகார் சேர்ந்தால் கட்டாயத் திரும்ப அழைப்பும் உண்டு என்பீர்கள். பிரேக் இழுத்தால் முதல் நாளே தெரியும். பெல்ட் பிடிக்காதது மோதும்போதுதான் தெரியும். அதற்குப் பிறகு புகார் எழுதுகிற நிலையில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று விதி எழுதியவர்கள் யோசிக்கவில்லை போலும். உரிமையாளர் விவரம் ரகசியம் என்றால், கம்பெனியிடம் கொடுக்க வேண்டாம். செலான் அனுப்பும் அதே கையால் தாங்களே அனுப்புங்கள். ஜெர்மனியில் அரசின் வாகனப் பதிவேட்டைக் கொண்டுதான் இன்றைய உரிமையாளருக்குக் கடிதம் போகிறது. ஆபத்தான குறையைச் சரிசெய்யாத வண்டியை ஓட்டவே அங்கே தடை விதிக்க முடியும். எஃப்.சி.க்கு வந்து நிற்கும் வண்டியில் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரைத் தேடும் கண், திரையில் 'திரும்ப அழைப்பு பாக்கி' என்ற ஒரு வரியையும் பார்த்தால் வேலை முடிந்தது.

கடைசியாக வயது. 110ஏ பிரிவின் கீழ் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள திரும்ப அழைப்பு விதிகள் ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே. தனியார் காரின் பதிவோ 15 ஆண்டு. ஆக, எட்டாம் வயதில் பெல்ட் போடாவிட்டால் குற்றம், பெல்ட் பிடிக்காவிட்டால் விதி. பழைய வண்டிக்கு எத்தனை காலம்தான் கம்பெனி பொறுப்பேற்கும் என்ற கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் 1995இல் அமெரிக்காவில் தகாதா நிறுவனத்தின் பெல்ட்டுகளுக்காக 80 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் அழைக்கப்பட்டன. பக்கிளின் சிவப்புப் பொத்தான் பிளாஸ்டிக் வருடக்கணக்கில் வெயில் பட்டு நொறுங்கியதே காரணம். வயதாக ஆகத்தான் வெளிப்பட்ட குறை அது. இலவசமாகச் சரிசெய்து தரும் பொறுப்பு இன்று அங்கே 15 ஆண்டு. எங்கள் பக்கத்து எண்ணூர் வெயில் அமெரிக்க வெயிலுக்கு இளைத்ததல்ல. கூடவே அனல்மின் நிலையச் சாம்பலும் உண்டு.

இக்கடிதம் தங்கள் நாற்காலியில் முன்பு இருந்தவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் பொறுத்தருள்க. எங்கள் பேரேட்டில் இருப்பது அவருடைய முகவரிதான்.

இப்படிக்கு,
மூன்றாம் கை உரிமையாளர்கள் சார்பில்,
அத்திப்பட்டு.