டப்பாவில் வரும் பனீர்த் தண்ணீர்

கேள்வி: ஜிம்முக்குப் போகும் என் மகன் 'வே புரோட்டீன் ஐசோலேட்' கேட்கிறான். விலையோ தலையைச் சுற்ற வைக்கிறது. ஏதாவது மருந்து கலந்திருப்பார்களோ என்ற பயம் வேறு. வாங்கலாமா?
– ஈரோடு வாசகி

பதில்: பயப்படாதீர்கள், அது பால் வீட்டுப் பிள்ளைதான். பனீருக்குப் பாலைத் திரிக்கும்போது இளம்பச்சையாகத் தண்ணீர் பிரியுமே, அதுதான் 'வே'. பாலின் புரதத்தில் சுமார் 80 சதவீதம் கேசீன், கட்டியாகி நின்றுவிடும். மீதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். சீஸ் ஆலைகளில் வடியும் தண்ணீரை நுண்சவ்வுகளில் வடிகட்டி, கொழுப்பையும் லாக்டோஸையும் பெருமளவு நீக்கி உலர்த்தினால் ஐசோலேட். அதில் 90 சதவீத அளவுக்குப் புரதம். அவ்வளவு வடிகட்டாத 'கான்சென்ட்ரேட்' வகையில் 80 சதவீதம் வரை. விலையும் குறைவு. பால் குடித்தால் வயிறு உப்பும் பிள்ளையா? ஐசோலேட்டுக்குக் கூடுதல் பணம் கொடுங்கள். இல்லையென்றால் கான்சென்ட்ரேட்டே தாராளம். பால் புரதமே ஒவ்வாதவர்களுக்கு இரண்டும் ஆகாது.

30 கிராம் பொடியில் ஏறக்குறைய 25 கிராம் புரதம், அதாவது நாலு முட்டை. சாதாரணமாக ஒருவருக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் போதும். எடை தூக்குபவருக்கு இன்னும் வேண்டும். முட்டை, பருப்பு, தயிர், மீனிலேயே அது கிடைத்துவிட்டால் டப்பா தேவையில்லை. டப்பாவைத் தூக்கி வந்தால் தசை வளராது, டம்பெல்லைத் தூக்கினால்தான் வளரும் என்பதையும் தம்பியிடம் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். வாங்குவதானால் டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் இருக்கிறதா என்று பார்த்து, பில்லோடு வாங்குங்கள்.