வீட்டுக் கணினியில் போல்டர் மறைத்தல்: மாத்தளை வழக்கை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

மறைபோல்டர் எனப்படுவது யாது? வீட்டார் அனைவருக்கும் பொதுவான கணினியில், தனக்கு மட்டுமே உரியது என்று ஒருவர் நம்பும் போல்டர் மறைபோல்டர் எனப்படும். இவ்வரையறைக்கு உயிர் 'நம்பும்' என்ற சொல்லில் இருக்கிறது. அதை நீக்கினால் எஞ்சுவது வெறும் போல்டர்.

கணினிப் பாதுகாப்பு பற்றி உலகில் எழுதப்பட்ட நூல்கள் பெரும்பாலும் அந்நியனைப் பகைவனாக வைத்து எழுதப்பட்டவை. அவன் தூரதேசத்தவன், நடுநிசியில் வருபவன், உங்களை ஓர் எண்ணாக மட்டுமே அறிந்தவன். மாத்தளைப் பகைவர் அத்தகையவர் அல்லர். அவருக்கு உங்கள் நட்சத்திரம் தெரியும். க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதத்துக்கு வந்த பெறுபேறும், அதற்கு நீங்கள் சொன்ன காரணமும், அந்தக் காரணம் பொய் என்பதும் தெரியும். அவர் பின்னேரம் தேநீர்க் கோப்பையோடு வந்து, "கொஞ்சம் தள்ளு, கரண்ட் பில் பாக்கணும்" என்று பக்கத்தில் அமர்கிறார். இவரைத் தடுக்க எந்த நாட்டு நிறுவனமும் இன்றுவரை மென்பொருள் செய்யவில்லை.

கணினி இருக்கும் இடமும் கருதத்தக்கது. அது ஹோலில் இருக்கும். திரை வாசலைப் பார்த்திருக்கும். பிள்ளை என்ன செய்கிறது என்பதைச் சமையலறையிலிருந்து அரிசி களைந்தபடியே காணத்தக்க கோணம் அது. அந்தக் கோணத்தை எந்த வாஸ்து நிபுணரும் வகுத்ததில்லை, தாய்மாரே வகுத்தனர்.

மறைபோல்டருக்குள் இருப்பது யாது என ஆராய்வது ஆய்வு நெறிக்குப் புறம்பு. ஆகவே சுருக்கமாக: சாதகக் குறிப்பின் படம் ஒன்று, நகை அடகு வைத்த துண்டின் படம் ஒன்று, வெளிநாட்டு வேலைக்கு எழுதி முடிக்காத விண்ணப்பம், யாருக்கும் அனுப்பாத கவிதைகள், கூட்டமாக எடுத்த ஒரு புகைப்படத்திலிருந்து ஒரு முகத்தை மட்டும் வெட்டி எடுத்த படம். கடைசியாகச் சொன்னது ஒன்றுக்காகவே மற்றவை துணைக்கு வைக்கப்படுகின்றன என்பது எம் துணிபு.

இனி இலக்கணம். முன்னோர் செய்யாது விட்ட குறையை நிரப்பும் பொருட்டு இக்கட்டுரையாளரே யாத்த நூற்பா வருமாறு:

மறைத்தல் பெயர்த்தல் சுருக்கல் என்றா
பூட்டல் உளப்பட நான்கே மறைவகை;
கேளாது திறப்போர் வீட்டுளர் ஆயின்
நான்கும் ஒன்றே நாடுங் காலை.

என்னுதலிற்றோ எனின், மறைவகைகளின் தொகையும் அவற்றின் பயனின்மையும் உணர்த்துதல் நுதலிற்று.

மறைத்தலாவது, போல்டரின் மேல் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்டீஸ் திறந்து, 'ஹிடன்' என்ற கட்டத்தில் சரி அடையாளமிடுதல். போல்டர் மறையும். செய்தவர் பெருமூச்சு விடுவார். ஆனால் அதே விண்டோஸ், 'வியூ' பட்டியலில், மறைந்தவற்றைக் காட்டும் கட்டம் ஒன்றையும் யாவர்க்கும் பொதுவாக வைத்திருக்கிறது. அதை ஒரு தம்பி தற்செயலாகத் தட்டினால், மறைந்தவை எல்லாம் வெளிவரும். அதுவும் மற்றவற்றைப் போல வருவதில்லை. சற்று மங்கலாக வரும். நூறு போல்டருக்கு நடுவே எதைத் திறக்க வேண்டும் என்று கம்பெனியே குறியிட்டுக் கொடுத்தாயிற்று.

பெயர்த்தலாவது, பெயரை மாற்றுதல். 'டியூசன் நோட்ஸ்', 'பிரிண்டர் டிரைவர்', 'நியூ போல்டர் 3' என்பன இவ்வட்டாரத்தில் பெருவழக்கு. இதன் குற்றம் அளவில் இருக்கிறது. நான்கு ஜிகாபைட்டுக்கு நோட்ஸ் கொடுத்த டியூசன் மாஸ்டர் மாத்தளையில் இதுவரை தோன்றவில்லை. ஆல்ட் விசையை அழுத்தியபடி 0160 தட்டிப் பெயரே இல்லாத போல்டர் செய்து, ஐகனையும் வெற்றாக்கி வைக்கும் நுட்பர் உளர். சும்மா இருக்கும் மாமா ஒருவர் டெஸ்க்டாப்பில் மவுஸை இழுத்துக் கட்டம் போட்டு விளையாடும்போது, ஒன்றுமில்லாத இடத்தில் ஏதோ ஒன்று நீலமாகும். அதன்பின் நடப்பதை உரையாசிரியர் விரித்துரையார்.

சுருக்கல் என்பது ஜிப் ஆக்கிப் பாஸ்வேர்ட் இடுதல். இதுவே படித்தவர் பலர் வீழ்ந்த குழி. வழக்கமான ஜிப்பில் பாஸ்வேர்ட் கோப்பின் உள்ளடக்கத்தை மட்டுமே காக்கும். கோப்புகளின் பெயர்களை எவரும் வாசிக்கலாம். அறையைப் பூட்டிவிட்டு, உள்ளே உள்ள சாமான் பட்டியலைக் கதவில் ஒட்டுவதற்கு இது சமம். மாத்தளையில் பட்டியல் போதும். சாமானைப் பார்க்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை.

பூட்டலுக்கு வருமுன் வரலாறு பேசியாக வேண்டும். ஏனெனில் மறைப்பைப் பற்றிய பெரும் பரிசோதனைகளை நம் மாவட்டமும் அதன் அயலும் முன்னமே செய்து முடித்திருக்கின்றன.

ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் தந்தை தாதுசேனனின் அரியணையைப் பறித்தான். ஒளித்து வைத்த செல்வம் எங்கே என்று கேட்டான். தாதுசேனன் அவனைத் தான் கட்டிய கலாவெவக் குளத்துக்கு அழைத்துச் சென்று, தண்ணீரை அள்ளிக் காட்டி, என் செல்வம் இதுதான் என்றான் என்கிறது சூளவம்சம். சொன்னது முழு உண்மை. அதற்குக் கிடைத்த பரிசு, உயிரோடு சுவருக்குள் வைத்து அடைக்கப்பட்டமை. "அந்தப் போல்டர்ல ஒண்ணுமே இல்லம்மா" என்று நெஞ்சறிய உண்மை சொல்லியும் நம்பப்படாத பிள்ளைகள் தங்கள் வழிமுதல்வனை இங்கே காணலாம்.

காசியப்பன் வேறு வழி எடுத்தான். நம் மாவட்டத்தில் ஏறத்தாழ 200 மீட்டர் உயரப் பாறையைத் தேர்ந்து, சுற்றி அகழி வெட்டி, சிங்க வாயிலமைத்து, உச்சியில் குடியேறினான். பாதுகாப்பு நிறைவானது. சுற்று வட்டாரம் முழுவதும் தெரியும் பாதுகாப்பு என்பதே குறை. இவ்வளவு கட்டியவன் எதற்கோ அஞ்சுகிறான் என்பதை அறிய ஒற்றன் தேவையில்லை. தம்பி முகலன் இந்தியாவிலிருந்து படையோடு வந்தபோது, காசியப்பன் பாறையை விட்டுச் சமவெளிக்கு இறங்கிப் போய்த் தோற்றான். கோட்டையை எவரும் உடைக்கவில்லை. உள்ளே இருந்தவரே வெளியே வந்தார். பாஸ்வேர்ட் விஷயத்திலும் பெரும்பாலும் நடப்பது அதுதான். பின்னர், அவன் அரண்மனைக்கு ஏறும் வழியிலிருந்த கண்ணாடிச் சுவரில், வந்தவர் போனவரெல்லாம் நூற்றாண்டுக் கணக்கில் பாட்டு எழுதி வைத்தனர். அவற்றில் 685 பாட்டுகளைத் தொல்லியலாளர் பரணவிதான வாசித்து 1956இல் நூலாக்கினார். நாட்டிலேயே அதிகம் காவலிடப்பட்ட ஒரு தனியிடம், அதிகம் பேர் கையெழுத்திட்ட இடமாயிற்று.

அடுத்த சான்று நகருக்கு இன்னும் அருகில். ஏ9 வீதியோரத்து அலுவிகாரையில்தான், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை பிக்குகள் மனப்பாடமாகக் காத்துவந்த திரிபிடகம் ஓலையில் ஏறியது என்பது மரபு. காரணம் எளிது: பஞ்சமும் போரும் வந்தன, மனப்பாடம் செய்தவர் இறந்தால் பாடமும் கூடவே போகும். நினைவில் மட்டும் பாஸ்வேர்ட் வைத்திருப்போர் இவ்விடத்தைச் சற்று நிதானித்து வாசிக்கவும்.

1848இல் வந்தது கலகம். நாய்க்கும் துப்பாக்கிக்கும் கடைக்கும் வரி போட்டது ஆங்கில அரசு. ஜூலையில் கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் மன்னனாக முடிசூடினான். அவனும் கலகத் தலைவன் புரன் அப்புவுமாகத் திரட்டிய கூட்டம் மாத்தளைக் கச்சேரியில் புகுந்து வரிப் பதிவேடுகளை அழித்தது. கலகத்தை அடக்க வந்த படையினரால் அலுவிகாரையின் ஓலைச்சுவடி நூலகம் அழிந்தது. ஒரே ஆண்டில், ஒரே ஊரில், இரு தரப்பும் மற்றத் தரப்பின் கோப்புகளை அழித்திருக்கின்றன. ஆனால் திரிபிடகம் பிழைத்தது. அதன் பிரதிகள் வேறு விகாரைகளிலும் வேறு நாடுகளிலும் இருந்தன. அந்த வரிப் பதிவேடுகளை நினைத்து மாத்தளையில் எவரும் கண்ணீர் விட்டிருப்பர் என்று எமக்குத் தோன்றவில்லை.

கோப்பு களவு போவதைக் காட்டிலும் அழிந்து போவதே வீட்டில் நடப்பது. ஆயினும் மறைப்போர் நெஞ்சில் களவு பற்றிய அச்சம் மட்டுமே உண்டு. இதை மைக்ரோசாப்ட் நிறுவனமும் பட்டே தெரிந்துகொண்டது. 2006 ஜூலையில் 'பிரைவேட் போல்டர்' என்ற இலவச மென்பொருளை வெளியிட்டது. பாஸ்வேர்ட் மறந்தவர்களின் கோப்பை யார் மீட்பது என்று அலுவலகக் கணினிப் பொறுப்பாளர்கள் கூச்சலிட, சில நாட்களிலேயே மீளப் பெற்றுக்கொண்டது. அதற்கும் முன்னே, விண்டோஸ் 98 பாஸ்வேர்ட் கேட்கும் பெட்டியொன்றைக் காட்டும். அதில் 'கேன்சல்' அழுத்தினால் உள்ளே விட்டுவிடும். குடும்ப வாழ்க்கையை அவ்வளவு ஆழமாகப் புரிந்துகொண்ட பாதுகாப்பு ஏற்பாடு அதற்குப் பின் வரவில்லை.

பாஸ்வேர்ட் என்பதே பொதுக் கணினிக்குப் பிறந்த பிள்ளைதான். 1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பலர் ஒரே கணினியைப் பங்கிட்டபோது, கோர்பட்டோவின் குழு ஆளுக்கொரு பாஸ்வேர்ட் கொடுத்தது. 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தனக்குக் கணினி நேரம் போதவில்லை என்று, எல்லோருடைய பாஸ்வேர்டும் இருந்த கோப்பை அச்சிட்டு எடுத்துக்கொண்டார். உலகின் முதல் பாஸ்வேர்ட் திருடர்களுள் ஒருவர் வெளியாள் அல்லர். அதே கணினிக்கு வரிசையில் நின்றவர்.

இங்கு நமக்கென்று ஒரு வழி உண்டு. அது பாமினி. யூனிகோடு பரவுமுன் இலங்கைத் தமிழர் பெரும்பாலும் தட்டிப் பழகிய எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும்; 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தெரியும். அதாவது, பாமினி விரலில் ஒரு முழு வாக்கியத்தைத் தட்டினால், ஆங்கில அகராதியில் தேடி உடைப்பவனுக்கு அகப்படாத, இடையிடையே குறிகள் விழுந்த, நீளமான பாஸ்வேர்ட் தானாக வந்துவிடும். வெளிநாட்டுத் திருடன் திணறுவான். வீட்டுப் பகைவர் திணறமாட்டார். அவருக்குப் பாமினி உங்களைவிட வேகமாக வரும்; கலியாணக் கார்டு தட்டி வளர்ந்த கை அது.

பூட்டல் எஞ்சியது. 1883இல் கேர்க்கோஃப்ஸ் என்பவர், பூட்டின் அமைப்பு பகைவனுக்குத் தெரிந்தாலும் சாவி மட்டும் தெரியாதவரை காவல் நிற்க வேண்டும் என்று விதித்தார். உண்மையான குறியாக்கம் அவ்வாறே நிற்கும். விண்டோஸின் 'ஹோம்' பதிப்பில் பிட்லாக்கர் முழுமையாகக் கிடைக்காது. அதற்கு 'ப்ரோ' வேண்டும். வீட்டில் மறைக்க என்ன இருக்கப் போகிறது என்று எண்ணினார்கள் போலும். வெராகிரிப்ட் இலவசம், எல்லாவற்றையும் ஒரே கோப்பாகப் பூட்டித் தரும், கணிதத்தால் அதை உடைப்பது நடவாத காரியம். உடைக்க எவரும் முயல்வதுமில்லை. மாசி மகத்தில் முத்துமாரியம்மன் கோயில் தேர் பார்க்க உக்குவளையிலிருந்தும் இறத்தோட்டையிலிருந்தும் உறவினர் வருவர். ஐந்து தேரும் வீதி சுற்றி முடிந்த பின், படம் ஏற்ற இடம் தேடும் ஒரு மச்சான், திறக்காத பெரிய கோப்பு ஒன்றைக் கண்டு, வைரஸ் என்று தீர்மானித்து அழிப்பான். அழித்துவிட்டு, "உன் கம்பியூட்டர கிளீன் பண்ணிட்டேன் மச்சான்" என்று நன்றியையும் எதிர்பார்ப்பான். ஆகவே பிரதி ஒன்று பென் டிரைவில், வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். அலுவிகாரையோர் அறிந்தது இவ்வளவே.

சட்டத்தை நாடலாமா எனின், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், முற்றிலும் தனிப்பட்ட, வீட்டுத் தேவைகளுக்காக ஒருவர் கையாளும் தரவுக்குச் செல்லாது. எஞ்சுவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம். அதன்படி அதிகாரமின்றிக் கணினிக்குள் நுழைவது குற்றம். வழக்குத் தொடுக்குமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணினி வாங்கக் காப்பை அடகு வைத்தவர் அம்மா; மாதாமாதம் வட்டி கட்டியவர் அப்பா; மின் கட்டணமும் அவருடையதே. அந்தக் கணினியில் அதிகாரமின்றி நுழைந்து போல்டர் திறந்தவர் யார் என்று நீதிமன்றம் கேட்குமாயின், குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவர் மறைபோல்டரின் உரிமையாளரே.