ஜன்னல் சாத்திய வகுப்பு

‘நலமான வீடு’ பயிற்சிக்குப் போயிருந்தேன். காற்றோட்டம், வெளிச்சம், தேங்காத நீர் என்று ஸ்லைடுகள் ஓடின. ஏசிக்காக ஜன்னல்களைச் சாத்தி, ஸ்லைடு தெரிவதற்காகத் திரையும் போட்டிருந்தார்கள். காசநோயைத் தடுக்கக் காற்றோட்டம் எவ்வளவு முக்கியம் என்பதை, நாற்பது பேரும் ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுத்தபடி கற்றுக்கொண்டோம்.

அடுத்தது டெங்கு. ஏடிஸ் கொசுவின் முட்டை ஈரமில்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு காத்துக் கிடக்குமாம், பயணப்படி பில் போட்ட ஊழியரைப் போல. தண்ணீர் பட்டால் ஒரு வாரம், பத்து நாளில் கொசு பறந்துவிடும். ஏசி சொட்டும் வாளியில் புழு நெளிவதைத் தேநீர் இடைவேளையில் கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர்தான் பார்த்தார். பேசாமல் கொண்டுபோய் மண்ணில் கவிழ்த்துவிட்டு வந்தார். அன்றைக்கு அங்கே நடந்த ஒரே பொதுச் சுகாதாரப் பணி அது. பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

மதியம் தகவல் அமைப்பு வகுப்பு. 1854இல் லண்டனில் ஜான் ஸ்னோ வீடு வீடாக விசாரித்து, காலராவுக்குக் காரணம் பிராட் தெருக் குழாய்தான் என்று சொல்லி அதன் கைப்பிடியைக் கழற்ற வைத்த கதையோடு தொடங்கியது. பாவம், பாஸ்வேர்டு இல்லாத காலம். பிறகு கர்ப்பிணியைப் பதிவு செய்யும் செய்முறை. சர்வர் சுற்றியது, நின்றது, சுற்றியது.

“ஏம்மா, ஓடிபி வந்துச்சா?” என்றார் பயிற்சியாளர்.

“வந்துருச்சு சார். அவங்க வீட்டுக்காரர் போனுக்கு. அவரு திருப்பூர்ல நைட் ஷிப்ட் முடிச்சுத் தூங்குறாராம்.”