கட்டைவிரல் அண்ணன்

ஹெல்மெட்டைக் கழற்றி முடிப்பதற்குள் அவருடைய கட்டைவிரல் உங்கள் வண்டி சீட்டில் இறங்கியிருக்கும். வணக்கம் கிடையாது, சாப்பிட்டியா கிடையாது. ஒரே அமுக்கு. விரலை எடுத்துவிட்டுப் பள்ளம் எழும்பி வருவதைத் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். நாடி பிடித்த வைத்தியரின் முகம். பிறகு உதட்டைப் பிதுக்கி, "கம்பெனி ஃபோம்தானே? இருநூறு கிலோமீட்டர் தாங்கும் தம்பி. அதுக்கு மேல எலும்பு பேசும்" என்பார். நீங்கள் அந்த வண்டியில் கத்தரிக்காய் வாங்க வந்திருப்பீர்கள்.

லாங் ரைடு கூட்டத்தில் இன்ஜின் ஆள் உண்டு, டயர் ஆள் உண்டு. சைலன்சர் ஆளைத் தெருவே அறியும். அவர்களையெல்லாம் எப்படியோ சகித்துக்கொள்ளலாம். சீட்டு ஆள் தனி ரகம். எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். குரோம்பேட்டையில் இருக்கும் ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு நான் எழுதுவதாக யாராவது நினைத்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.

அந்தக் கட்டைவிரலுக்கு வண்டி சீட்டு மட்டும் போதாது. தியேட்டர் இருக்கை, வங்கி மேலாளர் அறை நாற்காலி, அரசு விரைவுப் பேருந்தின் ஜன்னலோரம், பல் மருத்துவரின் சாய்மானம் என்று எதையும் விடாது. வாகனச் சோதனையில் எங்களை நிறுத்திய போலீஸ்காரரின் வண்டியையே ஒருமுறை அமுக்கினார். லைசென்ஸ் எல்லாம் சரியாக இருந்தும் கால் மணி நேரம் நின்றோம். என் தங்கைக்கு வரன் பார்க்கப் போனபோது கூட வந்தவர், சோபாவை அமுக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டே வருஷம். படுத்துரும்" என்றார். மாப்பிள்ளை அந்த மாதம்தான் சொந்தத் தொழில் தொடங்கியிருந்தார்.

மெமரி ஃபோம் விற்கும் மெத்தைக் கடைக்கு மட்டும் அவரை அழைத்துப் போகாதீர்கள். "நாசாவுக்காக 1966-ல கண்டுபிடிச்சது தம்பி" என்று தொடங்குவார். அந்த ஃபோமில் பள்ளம் மெதுவாகத்தான் எழும்பும். அது எழும்புவதற்குள் பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று என்று கடைக்காரர் கண்ணெதிரே பல்லாங்குழி ஆடிவிட்டு ஒன்றும் வாங்காமல் வருவார்.

சாப்பாடும் தப்பாது. இலையில் விழுந்த இட்லியை முதலில் அமுக்குவார். சட்னியெல்லாம் அப்புறம்தான். "32 டென்சிட்டி. நல்லா எழும்புது." காஞ்சிபுரம் இட்லி வந்தால் மிளகும் சீரகமும் புள்ளி புள்ளியாகத் தெரிவதைப் பார்த்து, "இது ரீபாண்டட்" என்பார். வெட்டி எறிந்த கழிவு ஃபோமை எல்லாம் தூளாக்கி, பசை சேர்த்து அழுத்திச் செய்யும் பலவண்ணப் புள்ளிக் கட்டிக்கு அந்தப் பெயர். உவமை சரிதான் என்பதுதான் என் எரிச்சல். அதன் பிறகு காஞ்சிபுரம் இட்லியை என்னால் இட்லியாகப் பார்க்க முடியவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். டென்சிட்டி என்பது எடைக் கணக்கு. ஒரு கன மீட்டர் ஃபோம் 40 கிலோ இருந்தால் அது 40 டென்சிட்டி. கடினம் என்பது வேறு கணக்கு. டென்சிட்டி அதிகமாக இருந்தும் பஞ்சு போல அமுங்கும் ஃபோம் உண்டு, குறைவாக இருந்தும் விறைத்து நிற்பது உண்டு. விரலால் அமுக்கினால் எடை தெரியுமா? அது விரலா, தராசா? அதுவும் இரண்டு விநாடி அமுக்கலை வைத்து, எண்பது கிலோ ஆள் ஆறு மணி நேரம் உட்காருவதற்குத் தீர்ப்பு எழுத முடியுமா? இதை ஒருமுறை அவரிடமே கேட்டேன். என் தோளை அமுக்கிப் பார்த்துவிட்டு, "டென்ஷனா இருக்கே தம்பி" என்றார்.

அவருடைய டேங்க் பையில் ஓர் அட்டை இருக்கிறது. பிரிட்ஜ் வந்த பெட்டியிலிருந்து வெட்டிய, உள்ளே அலை அலையாக இருக்கும் அட்டை. அதை மரப்பலகையில் போட்டு மேலே உட்கார்ந்து எழுந்தால், உட்காரும் எலும்புகள் இரண்டும் அதில் குழி பதிக்கும். குழிக்கும் குழிக்கும் உள்ள தூரத்தைப் பார்த்துத்தான் சீட்டின் அகலத்தை முடிவு செய்ய வேண்டுமாம். இது உண்மையான முறைதான், சைக்கிள் சீட்டுக்கும் இப்படித்தான் அளவெடுப்பார்கள். ஆனால் அந்த அட்டையை எக்ஸ்ரே படம் மாதிரி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கு விளக்குவது எந்த முறையில் சேர்த்தி?

இதுவரை ஏழு சீட்டு. புதுப்பேட்டையில் அவருக்கு ஒரு பாய் இருக்கிறார். ஆறடிக்கு ஆறடிக் கடை. சீட்டைக் கவிழ்த்து ஸ்டேப்ளர் பின்னை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ரெக்சினை உரித்து, ஃபோமை ஹாக்சா பிளேடால் அறுத்து, புதுத் துண்டை ஒட்டி, கிரைண்டரில் தேய்த்து, மறுபடி ரெக்சினை இழுத்துப் பின் அடிப்பார். அரை நாள் வேலை. "போன தடவை நீங்க அடிச்ச பின்னுதானே பாய், அதைப் பிடுங்கவும் கூலியா?" என்பது அண்ணனின் வாதம். பாய் பதில் சொல்வதில்லை, வாயில் பின் இருக்கும்.

முதல் சீட்டு மெத்து மெத்தென்று இருந்தது. அரை மணி நேரம் சொர்க்கம். அதன் பிறகு ஃபோம் நசுங்கி, எலும்பு கீழேயிருக்கும் பிளாஸ்டிக் தட்டைத் தொட்டுவிட்டது. சீட்டுக்கு மென்மை எதிரி, உடல் பாரத்தைப் பரப்பிக் கொடுக்கும் உறுதிதான் வேண்டும் என்று கண்டுகொண்டவர், இரண்டாவதைக் கோயில் படிக்கட்டு மாதிரி செய்தார். மூன்றாவது ஜெல். மே மாதம் வெயிலில் நிறுத்திவிட்டுப் போய் வந்து உட்கார்ந்தார். ஜெல் வெயிலைக் குடித்துத் தோசைக்கல்லாகக் காத்திருந்தது. அவர் எழுந்த வேகத்தில் வண்டி ஸ்டாண்டிலிருந்து சாய்ந்தது. ஐந்தாவதில் அழகுக்காக உட்காருமிடத்தில் டைமண்ட் தையல் போட்டார். ஊசி போன ஓட்டை வழியாக மழை இறங்கும் என்று பாய் சொன்னதைக் கேட்கவில்லை. டிசம்பர் வந்தது. மழை ஒரு நாள் பெய்தது, சீட்டு மூன்று நாள் பெய்தது. ஏழாவதில் ஓர் அங்குலம் உயர்த்தி, சிக்னலில் கால் எட்டாமல், பக்கத்து ஆட்டோவின் மேல் அன்பாகச் சாய்ந்தார். "1955-ல இங்க புல்லட் பூட்ட ஆரம்பிச்ச காலத்து ஸ்பிரிங் சீட்டுதான் தம்பி சீட்டு" என்று இப்போது பேச்சு திரும்பியிருக்கிறது.

இவ்வளவும் எதற்கு? கன்னியாகுமரிக்கு. சென்னையிலிருந்து ஏறக்குறைய 700 கிலோமீட்டர், ஒரே மூச்சில். அமெரிக்காவில் 'அயர்ன் பட்' என்று ஒரு சங்கம் இருக்கிறது. தமிழில் இரும்புப் பிட்டம். 24 மணி நேரத்தில் 1000 மைல், அதாவது 1,600 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் ஓட்டினால் சான்றிதழ் தருவார்கள். அதன் விதிகள் அவருக்கு மனப்பாடம். அவர் வண்டி இதுவரை போன எல்லை மேல்மருவத்தூர். 90 கிலோமீட்டர் இருக்கும். காபி குடித்து, சீட்டை அமுக்கிப் பார்த்து, "இன்னும் செட் ஆகலை" என்று திரும்பிவிட்டார்.

சும்மா சொல்லக் கூடாது, ஒருமுறை என்னைக் காப்பாற்றியவரும் அவர்தான். திருவண்ணாமலை போய் வந்த பிறகு ஒரு வாரம் எனக்கு வலது பக்கம் இடுப்பிலிருந்து தொடை வரை வலி. தைலம், மாத்திரை, ஒத்தடம் எல்லாம் ஆயிற்று. அவர் வந்தார், அமுக்கவில்லை. நான் நிற்பதைப் பின்னாலிருந்து பார்த்தார். "பர்ஸை எடு" என்றார். நான் பணத்துக்குத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். பின்பாக்கெட்டில் ரசீதும் கார்டுமாகப் புடைத்திருந்த பர்ஸ்தான் ஒரு பக்கம் என்னைத் தூக்கி, இன்னொரு பக்கம் கோணலாக உட்கார வைத்திருக்கிறது. அன்றிலிருந்து பர்ஸ் சட்டைப் பையில். வலி போன இடம் தெரியவில்லை. "சீட்டுல தப்பில்ல தம்பி. தப்பு உன் மேல" என்றார். ரொம்ப நல்ல மனுஷன்.

ஆனால் அண்ணனின் வண்டியில் இருப்பது ஒரே நீளச் சீட்டு. அவருடைய பங்கு ஒவ்வொரு தடவையும் அகலமாகி, பள்ளமாகி, பின்னால் நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. பின்னிருக்கை இப்போது இரண்டு செங்கல் வைத்த அகலம். அதற்குள் இருப்பது அவர் பக்கத்திலிருந்து அறுத்தெடுத்த துண்டுகள். கறிக்கடையில் மிச்சம் போடுவது மாதிரி. அண்ணி அதில் ஒருச்சாய்த்து உட்கார்ந்துதான் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய் வருகிறார், மடியில் பையோடு. ஏழு சீட்டில் ஒருமுறைகூட அந்தக் கட்டைவிரல் பின்பக்கம் போய் நான் பார்த்ததில்லை. இதில் சிரிக்க எனக்கு ஒன்றும் இல்லை. போன தீபாவளிக்குப் பலகாரம் கொடுக்க வந்தவர், வண்டியிலிருந்து இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "எனக்கும் எலும்பு இருக்குல்ல தம்பி?"

தை மாதம் அண்ணி தன் அக்காவோடு கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் போய், சூரிய உதயம் பார்த்து, சங்கு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அண்ணே, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். எட்டாவது சீட்டுக்குப் பாய் கடைக்குப் போகும்போது அண்ணியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அட்டையை இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.