வாங்கினப்போ என்ன விலை தெரியுமா?

பழைய கம்ப்யூட்டரை விற்க நினைக்கிறவர் அதற்கு இன்றைக்கு என்ன விலை வேண்டும் என்று சொல்லவே மாட்டார். 2004-ல் என்ன விலை கொடுத்தார் என்பதைத்தான் சொல்வார். 38,500 ரூபாய். சொல்லிவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நாம் புருவத்தை உயர்த்த வேண்டும். உயர்த்தாவிட்டால் இன்னொரு முறை சொல்வார், யூபிஎஸ் விலையையும் சேர்த்து.

எனக்கு வாய்த்தவர் சித்தப்பா முறை. உங்களுக்கு மாமனாராகவோ கீழ்வீட்டு சாராகவோ வாய்த்திருக்கலாம். சொந்தத்தில் ‘கம்ப்யூட்டர் தெரிஞ்சவன்’ என்று பெயர் வாங்கிவிட்டால் இவர்கள் நம்மைத் தேடி வந்துவிடுவார்கள். “நல்ல ஆளாப் பார்த்துக் கொடுத்துடுடா. எனக்கு லாபமெல்லாம் வேண்டாம்.” லாபம் வேண்டாமாம். சொல்லும்போது குரலில் அவ்வளவு பெருந்தன்மை.

அந்த 38,500 என்பது வெறும் ஆரம்பம். ஆபீஸ் சொசைட்டியில் லோன் போட்டு வாங்கியது, ஆகவே வட்டி சேர வேண்டும். பிறகு 256 எம்பி ரேமை 512 ஆக்கினார், அது தனி. ஒரு மழைக்காலத்தில் எஸ்எம்பிஎஸ் போய் மாற்றினார், அது தனி. கீபோர்டை இழுத்தால் வெளியே வருகிற மேஜை தனி. சுழல் நாற்காலி இப்போது சுழல்வதில்லை, ஆனாலும் தனி. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் ஏதாவதொன்று ஞாபகத்துக்கு வந்து தொகை ஏறிக்கொண்டே போகும். போன தீபாவளிக்கு என் மைத்துனனிடம் சொன்னபோது 52,000-ஐத் தாண்டிவிட்டது. நம்பாதவர்களுக்குக் காட்ட பில்லை லேமினேட் செய்து வைத்திருக்கிறார். அவருடைய டிகிரி சர்டிபிகேட்டுக்கே அந்த மரியாதை கிடைக்கவில்லை.

“பாதி விலை கொடுத்தாக்கூடப் போதும்டா. இவ்வளவு வருஷம் நான் உபயோகிச்சிருக்கேன் இல்ல?” நியாயமான மனிதர். இருபது வருடத் தேய்மானத்துக்குப் பாதி கழித்துவிட்டார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அதே வருடம் கூடுவாஞ்சேரியில் வாங்கிய மனை பல மடங்கு ஏறியிருக்கிறது. அதே வருடம் சித்திக்குச் செய்துபோட்ட வளையலும் ஏறியிருக்கிறது. பரணில் கிடக்கும் பித்தளை அண்டாவை இன்றைக்கு எடைக்குப் போட்டாலும் வாங்கினதைப் போலப் பல மடங்கு கிடைக்கும். வாழ்நாளில் காசு போட்டு வாங்கியதெல்லாம் ஏறியிருக்கும்போது, கம்ப்யூட்டர் மட்டும் இறங்கிவிட்டது என்று ஒருவன் சொன்னால் நடுவில் எவனோ ஏமாற்றுகிறான் என்றுதான் அவருக்குத் தோன்றும். அது நானாகவும் இருக்கலாம் என்று சித்தப்பாவுக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பழைய இரும்புக்காரர் ஒருநாள் வந்தார். கேபினெட்டைக் கையால் தூக்கிப் பார்த்து எடைக்கு ஒரு தொகை சொன்னார். சித்தப்பாவின் முகம் அன்றைக்குப் போன போக்கை இங்கே எழுத வேண்டாம். மானிட்டரை இரும்புக்காரர் தொடவே இல்லை. “அது சும்மா கொடுத்தாலும் வேணாம் சார்.” அவர் சொன்னது சரி. அந்தக் கனத்த கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. முன்பெல்லாம் அதை உருக்கிப் புதிய பிக்சர் டியூப் செய்தார்கள். பிக்சர் டியூபே போய்விட்ட பிறகு அந்தக் கண்ணாடிக்கு நாதியில்லை. உள்ளே இருக்கும் செம்புக் கம்பியை மட்டும் உருவிக்கொண்டு மிச்சத்தை எங்காவது போட்டுவிடுவார்கள். இதையெல்லாம் சித்தப்பாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பதினேழு இஞ்ச்டா அது” என்றார்.

இதற்கிடையே வாட்ஸப்பில் யாரோ புண்ணியவான் தங்கச் செய்தியை அனுப்பிவிட்டார். டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களைப் பழைய போன், கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த உலோகத்தில் செய்தார்கள் என்ற செய்தி. உண்மைதான். ஜப்பான்காரர்கள் இரண்டு வருடம் சேகரித்துச் சுமார் 32 கிலோ தங்கம் எடுத்தார்கள். செய்தி அதோடு நின்றுவிட்டது. அதற்காகச் சேர்ந்தவை சுமார் 79,000 டன் பழைய சாமான்களும் 62 லட்சம் போன்களும். தங்கம் முழுவதையும் போன்களே தந்தன என்று வைத்துக்கொண்டாலும் ஒரு போனுக்கு ஐந்து மில்லிகிராம் சொச்சம். குண்டுமணி எடைக்கு இருபது போனுக்கு மேல் உடைக்க வேண்டும். கணக்கைப் பேப்பரில் போட்டுக் காட்டினேன். “அது போன். இது கம்ப்யூட்டர். சைஸைப் பாரு!” அன்றிலிருந்து மதர்போர்டின் தங்கமும் விலைப்பட்டியலில் சேர்ந்துகொண்டது.

இதே மனிதர் வாங்கப் போகும்போது எப்படியிருப்பார் என்று பார்க்கும் பாக்கியமும் எனக்குக் கிடைத்தது. பேத்திக்குக் கல்லூரி. புதிது எதற்கு, ரீஃபர்பிஷ்டு போதும் என்று சென்னை ரிச்சி தெருவுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மவுண்ட் ரோட்டுப் பக்கமிருந்து உள்ளே நுழைந்ததும் அவர் நடையே மாறிவிட்டது. மாடிக் கடையொன்றில் ஐடி கம்பெனிகளிலிருந்து லீஸ் முடிந்து வந்த லேட்டிடியூட், திங்க்பேட் லேப்டாப்களை அடுக்கியிருந்தார்கள். மூடியில் ஏதோ ஒரு கம்பெனியின் ஸ்டிக்கரைச் சுரண்டிய பிசின் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. சித்தப்பா அதை விரலால் தடவிப் பார்த்து முகர்ந்தார். எதற்கு முகர்ந்தார் என்று இதுவரை தெரியவில்லை.

“ஐ ஃபைவ், எய்த் ஜென்னு சார். பதினெட்டாயிரம்.”

“பழசுக்கா?”

“கம்பெனிக்காரன் இதை வாங்கினப்போ என்ன விலை தெரியுமா சார்? எண்பதாயிரம்.”

சித்தப்பா சிரித்தார். “அது அன்னிக்கு விலை தம்பி. எலக்ட்ரானிக்ஸ்ல போய்ப் பழைய விலையைப் பேசலாமா?”

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், ஆள் பாடம் படித்துத்தான் வந்திருந்தார். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கைவிரித்துவிட்டது, எய்த் ஜென்னுக்குக் கீழே பெரும்பாலும் 11 ஏறாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லி, புதிதில் எவ்வளவு சார்ஜ் பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று இரண்டையும் கேட்டு வாங்கினார். வாரன்டி ஆறு மாதம், அது பேட்டரிக்கும் சார்ஜருக்கும் கிடையாது என்று கடைக்காரர் முணுமுணுத்ததைச் சத்தமாகத் திருப்பிச் சொல்ல வைத்துப் பில்லிலும் எழுத வைத்தார். பதினைந்தாயிரத்து ஐந்நூறுக்கு முடித்தார். பேத்தி இன்றைக்கும் அதில்தான் படிக்கிறாள். ஒரு குறையும் இல்லை. அந்தப் பில்லையும் லேமினேட் செய்தாகிவிட்டது.

பழைய பெட்டியை விடாததற்குக் காரணம் பாசமாக இருக்குமோ என்று நடுவில் நானும் மனமிளகினேன். உள்ளே சின்னவள் கல்யாணப் படங்கள் இருக்கின்றன. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எல்லாவற்றையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். பாஸ்வேர்டு எழுதிய கோப்புகளும் பேங்க் காகிதங்களின் ஸ்கேனும்கூட அதில் இருந்தன. எடைக்குப் போட்டிருந்தால் அதுவும் தெருவுக்குப் போயிருக்கும். சித்தப்பா கண்கலங்கிப் பென் டிரைவை வாங்கிக்கொண்டார். விலையில் நூறு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

சரி, விலையே வேண்டாம் என்று அவர் இறங்கி வந்திருந்தால் யாரிடம் கொடுப்பது? அங்கேதான் எனக்கே எரிச்சல் வருகிறது. 2022-ல் போட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள் பொருளைச் செய்த நிறுவனத்தின் தலையில் பொறுப்பைக் கட்டுகின்றன. நல்லதுதான். சித்தப்பாவின் பெட்டியைச் செய்தது யார்? கேபினெட் ஒரு கம்பெனி, போர்டு ஒரு கம்பெனி, ரேம் இன்னொன்று. சேர்த்து மாட்டிய கடையில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனம் ஒன்றுக்குப் போன் செய்தால், எத்தனை பீஸ் என்றுதான் முதலில் கேட்டார்கள். ஒன்று என்றதும் குரலில் சுருதி இறங்கிவிட்டது. ஊருக்கு வெளியே தொழிற்பேட்டைக்கு நாமே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம். ஆட்டோவுக்கு யார் கொடுப்பது? 2022-ல் உலகம் கழித்துப்போட்ட 6.2 கோடி டன் மின்கழிவில் முறைப்படி சேகரிக்கப்பட்டது 22.3 சதவீதம்தான் என்று ஐ.நா. அறிக்கை சொல்கிறது. இந்த லட்சணத்தில் அதுவே அதிகம். மிச்சத்தில் ஒரு பங்கு மொராதாபாத் மாதிரி ஊர்களில் போர்டை எரித்தும் ஆசிட்டில் ஊறவைத்தும் கைப்பிடிச் செம்புக்காக மூச்சைக் கெடுத்துக்கொள்பவர்களிடம் போய்ச் சேருகிறது. அந்த லட்சணத்துக்குச் சித்தப்பாவின் பிடிவாதம் எவ்வளவோ மேல். அவர் வீட்டில் எதுவும் எரியவில்லை.

போன வாரம் கொஞ்சம் மனம் இறங்கியிருக்கிறார். முழு செட்டைக் கொடுக்க மனமில்லை, மவுஸை மட்டும் நீ சும்மாவே எடுத்துக்கொள் என்று கொடுத்தனுப்பினார். கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் பந்து இல்லை. போன் செய்து கேட்டதற்கு, பந்து பெரியவன் வீட்டில் இருக்கிறது, வேண்டுமென்றால் அவனிடம் விலை பேசிக்கொள் என்றார்.