கன்ட்ரோல்-பி ஆகாதவர்

"ஒரே ஒரு கட்டளை அடித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று எங்கள் டீம் நண்பருடைய லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிடாதீர்கள். நான் உட்கார்ந்திருக்கிறேன். கேப்ஸ் லாக்கை அழுத்தினால் அது கன்ட்ரோல். கன்ட்ரோலை அழுத்தினால் அது எஸ்கேப். "அப்போ எஸ்கேப்பை அழுத்தினா?" என்று கேட்டேன். "அதை இன்னும் யோசிக்கல ப்ரோ" என்றார்.

உலகத்தில் அவருக்கு ஒரே விரோதி, டிமக்ஸின் கன்ட்ரோல்-பி. டிமக்ஸ் பாவம், நல்ல பிள்ளை. ஒரு டெர்மினலை நாலைந்து கட்டங்களாகத் தடுத்துக் கொடுக்கும். நெட் அறுந்தாலும் சர்வரில் ஓடுகிற வேலையைக் கைவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அதனிடம் எதைச் சொல்வதானாலும் முதலில் கன்ட்ரோல்-பி அழுத்திக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நம்மவருக்கு அந்தப் பி தூரமாம். "ஒரு தடவைக்கு அரை செகண்ட் போகுது ப்ரோ. நாளைக்கு இருநூறு தடவை. வருஷத்துல இருநூத்தி நாப்பது நாள். போட்டுப் பாருங்க!" போட்டுப் பார்த்தேன். ஏழு மணி நேரம்கூட வரவில்லை. அதை மிச்சம் பிடிக்க அவர் செலவழித்தது மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்.

முதல் ஞாயிறு, கன்ட்ரோல்-ஏ. இதில் ஒரு வேடிக்கை. 1987இலிருந்தே புழக்கத்தில் இருந்த ஸ்கிரீன் என்ற மூத்த மென்பொருளுக்கு ஏ-தான் அழைப்பு விசை. நிக்கோலஸ் மாரியட் 2007இல் டிமக்ஸை அந்த ஸ்கிரீனுக்குள்ளேயே உட்கார்ந்து எழுதியதால், இரண்டும் மோத வேண்டாம் என்று பியை எடுத்துக்கொண்டார். இடிபடாமல் ஒதுங்கி நின்ற பிள்ளையை நம்மவர் கையைப் பிடித்துப் பழைய இடத்துக்கே இழுத்து வந்தார். வந்தால், ஷெல்லில் வரியின் தொடக்கத்துக்குப் போகிற விசையும் கன்ட்ரோல்-ஏ. "ரெண்டு தடவை அழுத்தினா போகும்" என்றார் இரண்டு நாள். மூன்றாம் நாள் அதைப் பற்றிப் பேச்சில்லை.

இரண்டாம் ஞாயிறு, கன்ட்ரோல்-ஸ்பேஸ். மேக்கில் மொழியை மாற்றுகிற விசையும் அதுவே. நம்மவர் தமிழ்ப் பற்றாளர். அஞ்சல் விசைப்பலகை வைத்திருக்கிறார். திங்கட்கிழமை மீட்டிங்கில் திரையைப் பகிர்ந்து, கம்பீரமாகக் கட்டளை அடித்தார். லினக்ஸுக்கு முன்னால் 'ல்' என்று வந்து நின்றது. லினக்ஸுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.

மூன்றாம் ஞாயிறு, எண் ஒன்றுக்குப் பக்கத்தில் யாரும் சீண்டாமல் கிடக்கிற பேக்டிக். இன்றுவரை அதுதான். எப்போது மாறும் என்று கேட்காதீர்கள்.

ஒன்றில் மட்டும் நான் அவர் கட்சி. கட்டத்தைப் பக்கவாட்டில் பிரிக்க விழுக்காட்டுக் குறி, மேல்கீழாகப் பிரிக்க இரட்டை மேற்கோள் என்று டிமக்ஸ் வைத்திருக்கிறதே, அதை யாரால் ஞாபகம் வைக்க முடியும்? அவர் நெட்டுக்கோடும் படுக்கைக்கோடும் வைத்தார். எந்தப் பக்கம் கோடு விழ வேண்டுமோ அந்தக் கோட்டையே அழுத்தினால் போதும். அதை அவரிடம் சொல்லாமல் என் மெஷினிலும் திருடி வைத்திருக்கிறேன்.

தன் வீட்டு அடுப்படியில் உப்பு டப்பாவில் சர்க்கரையை வைத்துக்கொள்வது அவரவர் இஷ்டம். ஆனால் அவர் கல்யாண மண்டபத்துச் சமையலறையிலும் அதைச் செய்தார். டீம் முழுவதும் ஒரே கணக்கில் நுழைகிற பொது சர்வரில் தன் கான்ஃபிக் கோப்பைக் கொண்டுபோய் வைத்தார். கருணையோடுதான்: "உங்களுக்காக கன்ட்ரோல்-பியும் வேலை செய்யற மாதிரி விட்டிருக்கேன்."

விட்டிருந்தார். டியை விடவில்லை.

கன்ட்ரோல்-பி, பிறகு டி. டிமக்ஸ் பழகிய எவருக்கும் தெரியும். வேலை பின்னால் ஓடட்டும், நான் கிளம்புகிறேன் என்று அர்த்தம். இராத்திரி பதினொன்றரை. டேட்டாபேஸ் பேக்கப் நாற்பது நிமிடமாக ஓடிக்கொண்டிருந்தது. நான் டியை அழுத்திவிட்டுப் பையை எடுத்தேன். கட்டம் காணோம். பேக்கப் காணோம். 'மூடட்டுமா?' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கும் அரை செகண்ட் ஆகுமென்று அதையும் எடுத்திருந்தார்.

மறுநாள் காலையில் கேட்டேன். "டி ஃபார் டெலீட் ப்ரோ. லாஜிக்கலா இருக்குல்ல?"

லாஜிக் இருக்கட்டும். பலபேர் கை வைக்கிற இடத்தில் ஒரு விசையை மாற்றினால் முதலில் நாலு பேரிடம் சொல்ல வேண்டும். தன் அரை செகண்டுக்கு வருஷக் கணக்குப் போடுகிறவர், அடுத்தவனுடைய நாற்பது நிமிடத்தையும் ஒரு வரி எழுதிக்கொள்ள வேண்டும். இதைச் சிரிக்காமல்தான் சொன்னேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "ஸாரி ப்ரோ, தப்புதான்" என்று அப்போதே கோப்பைத் திறந்து டியைப் பழையபடி ஆக்கினார். எனக்கே பாவமாகிவிட்டது. டீ குடிக்கப் போகலாம் என்று கூப்பிட்டேன்.

"ரெண்டு நிமிஷம் ப்ரோ" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "டெலீட்டுக்கு வேற கீ பாக்கணும்ல?"