பீரோவுக்குள் ஒரு பந்து

தொடக்கப் பள்ளிக் கால அட்டவணையில் 'உடற்கல்வி' என்றொரு கட்டம் இருக்கும். அந்த நேரத்தில் எட்டிப் பாருங்கள், பிள்ளைகள் கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

டீச்சரைத் திட்டிப் பயனில்லை. பகுதிநேர உடற்கல்விப் பயிற்றுநரைப் பற்றி 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் வாய் திறப்பதே ஆறாம் வகுப்பிலிருந்துதான். அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் சேர்ந்திருந்தால். ஐந்தாவது வரை பிள்ளைகளுக்கு உடம்பு முளைக்காது போலும்.

ஆனால், பந்து உண்டு. சமக்ர சிக்ஷா திட்டத்தில் தொடக்கப் பள்ளிக்கு விளையாட்டுப் பொருள் வாங்க ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை ஒதுக்க வழி இருக்கிறது. வாங்கியதும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, தலைமையாசிரியர் அறை பீரோவில் வைத்துப் பூட்டு. வெளியே எடுத்தால் கிழியும், கிழிந்தால் ஆடிட்டில் யார் பதில் சொல்வது? நான் பார்த்த ஒரு பந்து, யார் காலும் படாமலே காற்றிறங்கி, பரம சாதுவாக உட்கார்ந்திருந்தது. பக்கத்திலிருந்த ஸ்கிப்பிங் கயிறு கொடுத்துவைத்தது. ஆகஸ்ட் 15 அன்று கொடிக்கயிறு அறுந்துபோனதால் அதற்கு மட்டும் வெளிக்காற்று கிடைத்தது.

5 முதல் 17 வயது வரை தினம் சராசரியாக 60 நிமிடம் உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பிள்ளைகள் கடைசி மணி அடித்ததும் கேட்டை நோக்கி ஓடுவதைச் சேர்த்தால் 59 நிமிடம்தான் பாக்கி.

ஆண்டு விழாவில் மட்டும் எலுமிச்சை ஸ்பூன் ஓட்டம் தவறாமல் நடக்கும். ஓடி முடிந்த பழங்கள் சிறப்பு விருந்தினருக்கு ஜூஸாகும்.